கலைக்காத டாக்டரம்மா

மாண்டிசோரி அம்மையார் 1870-ல் இத்தாலியில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர். 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்.

அங்கே 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டைக் குழிகளில் உருளைகளைச் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார் அம்மையார். அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு விளையாட்டைத் தொடர்ந்தாள்! 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாகவே நிறுத்திச் சிரித்தாள்.

திருக்கழுக்குன்றத்துத் திண்ணையில் புளியங்கொட்டையை நிரப்பிக் கொட்டும் பிள்ளையை நாம் எத்தனை முறை அதட்டுகிறோம்!

ஒன்றிப்போன குழந்தையைக் கலைக்கக் கூடாது, அடுத்த பிள்ளையைத் துன்புறுத்தினால் மட்டும் தடுக்க வேண்டும் என்பது அவர் வழி.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். யுத்தம், இவரோ இத்தாலிக்காரர். வெள்ளையர் அரசாங்கம் மகனைக் காவலில் வைத்தது. அப்போதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1952-ல் ஹாலந்தில் காலமானார்.