ஊர் புதுக்கிய அச்சுத் தொழிலாளர்: பெஞ்சமின் பிராங்க்ளின்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றவுடனே, இடி மின்னலினிடையே காற்றாடி பறக்கவிட்ட விஞ்ஞானியும், 1776-இல் அமெரிக்க நாட்டின் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்ட அரசியல் அறிஞரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. அப்பெருமைகளை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. ஆதலின் அவற்றை ஈண்டு விடுத்தோம். நாம் கூறப்புகுவது பிறிதொரு செய்தி. கையில் மை படிந்த ஓர் அச்சுத் தொழிலாளர், தாம் குடியேறிய ஊரிலே, அரசாங்கத்தார் வந்து செய்யட்டும் என்று காத்திராது, அண்டை அயலாரைக் கூட்டி, அவரவர் கைப்பொருளைத் திரட்டி, நூல்நிலையமும், தீயவிக்கும் சங்கமும், மருத்துவச்சாலையும், கலாசாலையும், துப்புரவான தெருவும் அமைத்த வரலாறே அது.

பிராங்க்ளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-இல் பாஸ்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்று வாழ்ந்தவர். அவருடைய மக்கள் பதினேழு பேருள் நம் பிராங்க்ளின் பதினைந்தாமவர். வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பு இரண்டாண்டிலே நின்றது. பத்து வயதில் தந்தையின் கடையிலும், பன்னிரண்டு வயதில் தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்திலும் வேலைக்கு அமர்ந்தார்.

அப்பிள்ளைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று குறிக்கத்தக்கது. சிறுவர்கள் சிறு மீன் பிடிக்கும் உப்பங்கழி ஓரம் அவர்கள் காற்பட்டு வெறுஞ்சேறாயிற்று. நிற்பதற்கு ஒரு மேடை கட்டலாம் என்று பிராங்க்ளின் யோசனை கூறினார். பக்கத்திலே ஒருவர் வீடு கட்டுவதற்குக் கொணர்ந்து குவித்திருந்த கற்கள் கிடந்தன. வேலையாட்கள் மாலையில் வீடு திரும்பியதும், சிறுவர் எறும்புக் கூட்டம்போலத் திரண்டு, ஒரு கல்லுக்கு இருவர் மூவராகச் சுமந்து, மேடையைக் கட்டி முடித்துவிட்டனர். மறுநாள் குட்டு வெளிப்பட்டது. தந்தைமார் கையில் சிறுவர் தக்க தண்டனை பெற்றனர். இது பலருக்கும் பயன்படும் வேலைதானே என்று பிராங்க்ளின் வாதாடிப் பார்த்தார். நேர்மையில்லாதது எதுவும் பயனுடையதாகாது என்பதைத் தந்தையார் அன்று அவருக்கு உணர்த்தினார். பொதுக்காரியத்துக்குப் பிறர் பொருளைக் கேளாமல் எடுத்த சிறுவரே, பிற்காலத்தில் கேட்டுப் பெறும் கலையில் இணையற்றவராய் விளங்கினார் என்பது வியக்கத்தக்கதன்றோ!

தமையனாரோடு மனம் ஒவ்வாமையால், 1723-இல், பதினேழாம் வயதில், அவர் மறைவாகப் பாஸ்டனை விட்டுப் பிலடெல்பியா சேர்ந்தார். அழுக்கேறிய உடையோடு, பசி மேலிட, மூன்று பெரிய ரொட்டிகளை வாங்கிக் கக்கத்தில் இரண்டை இடுக்கி, ஒன்றைக் கடித்துக்கொண்டே கடைத்தெரு வழியே நடந்தார். பின்னர் இலண்டன் சென்று தொழில் கற்று, 1726-இல் மீண்டு, 1728-இல் கூட்டாளி ஒருவரோடு சொந்த அச்சுக்கூடம் வைத்தார். அடுத்த ஆண்டே பென்சில்வேனியா கெஜட் என்னும் பத்திரிகையையும் ஏற்று நடத்தினார்.

1727-இலே அவர் தம் நண்பர்களைச் சேர்த்து ஜண்டோ என்னும் கழகம் ஒன்றை நிறுவினார். அதில் செல்வச் சீமான்கள் மிகுதியாக இருந்தனர் என்று எண்ணவேண்டா. கண்ணாடி பதிப்பவர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர், தச்சர் ஒருவர், பத்திரம் எழுதுபவர் ஒருவர், வணிகர் கணக்கர் ஒருவர் என்று பெரும்பாலும் உழைத்துண்பவரே. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் கூடி, உறுப்பினர் முறையே கொணரும் வினாக்களை ஆராய்வர். அடித்துப் பேசி வெல்ல முயல்பவருக்குச் சிறு அபராதம் உண்டு. (நம் கல்லூரிச் சொற்பயிற்சி மன்றங்களிலும் இவ்விதி இருந்தால், மன்றப் பொக்கசம் விரைவில் நிறையும் போலும்!) பின்னாளில் நகருக்கென அவர் தொடங்கிய செயல்களிற் பல முதலில் இக்கழகத்தார் முன் வைக்கப்பட்டு, குற்றங் களைந்து, பிறகே ஊரார் செவிக்குச் சென்றன.

கழகத்தார் தம் வாதங்களுக்கு நூல்கள் வேண்டுமெனக் கண்டு, அவரவர் வீட்டு நூல்களை ஓரிடத்திற் கொணர்ந்து அடுக்கினர். பேணுவாரின்மையால் நூல்கள் கெட்டன. ஓராண்டுக்குள் அவரவர் தத்தம் நூல்களை எடுத்துச் சென்றுவிட்டனர். இத்தோல்வியினின்றே 1731-இல் பிலடெல்பியா நூல்நிலையச் சங்கம் தோன்றியது. சேரும்போது 40 ஷில்லிங், ஆண்டுதோறும் 10 ஷில்லிங் என்று திட்டம். ஊர் முழுதும் அலைந்தும் ஐம்பது பேருக்கு மேல் அகப்பட்டிலர். அவரும் பெரும்பாலும் இளந்தொழிலாளரே. நூல்கள் இலண்டனிலிருந்து வந்தன. வாரம் ஒருநாள் நூல் வழங்கப்படும். திருப்பித் தராதவர் விலையைப்போல் இருமடங்கு செலுத்துவதாக எழுதிக் கொடுக்கவேண்டும். 1742-இல் அச்சங்கம் சாசனம் பெற்றது. இன்றும் அழியாது நிற்கிறது.

இவ்வேலையிலே பிராங்க்ளின் கற்ற பாடம் ஒன்றுண்டு. ஒருவன் தானே ஒரு பெரிய நன்மையைத் தொடங்குவதாகச் சொல்லி வந்தால், அயலார் உள்ளத்தில், இவன் நம்மினும் உயர்ந்தவனாகப் பார்க்கிறானே என்னும் கூச்சம் எழுந்துவிடும், கைப்பை மூடிக்கொள்ளும். இதனை அறிந்த அவர் தம்மைப் பின்னே மறைத்துக்கொண்டு, இது நண்பர் சிலர் எண்ணிய எண்ணம், நூல் விரும்புவோரிடம் கேட்டு வருமாறு என்னை அனுப்பினர் என்று கூறலானார். சிறிது புகழை இன்று துறந்தால் பின்னர் அது வட்டியோடு வந்து சேரும் என்பது அவர் கணக்கு. இதைத் தன்னடக்கம் என்பதா, சூழ்ச்சி என்பதா? இரண்டுமே என்று நாம் கருதுகிறோம்.

மரவீடுகள் மலிந்த அந்நகருக்குத் தீ பெரும் பகை. தீயினின்று ஊரைக் காப்பது குறித்து 1735-இல் தம் பத்திரிகையில் எழுதி, மறு ஆண்டு டிசம்பரில் முப்பது பேரைக் கொண்டு தீயவிக்கும் சங்கம் ஒன்றை அவர் அமைத்தார். ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், எரியும் வீட்டுப் பொருள்களை வாரிக் கட்டிச் செல்லப் பைகளும் கூடைகளும் ஆயத்தமாக வைத்திருத்தல் கடமை. மாதக் கூட்டத்துக்கு வாராதவர் தரும் அபராதத்தைக் கொண்டே நீர்ப்பீச்சு யந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்கினர். சேர விரும்பியோர் பெருகவே, வேறு சங்கம் காணுங்கள் என்று அவர்களைத் திருப்பியனுப்பினர். ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கங்கள் பல எழுந்தன. 1752-இல் தீவிபத்துக்கு ஈடு செய்யும் பரஸ்பர நிதியும் தோன்றியது.

இரவுக் காவலின் சீர்கேட்டையும் அவர் ஆராய்ந்தார். காவலுக்குப் போக விரும்பாத வீட்டார் ஆண்டுக்கு 6 ஷில்லிங் கொடுத்து விலகிக்கொள்வர். அதனைப் பெற்ற அதிகாரி கண்ட கண்ட வீணரைச் சேர்த்துக்கொண்டு குடிப்பதிலே பொழுது போக்குவான். பிராங்க்ளின் மனத்தை உறுத்தியது அது மட்டுமன்று. ஐம்பது பவுன் பெறாத உடைமையுள்ள ஏழைக் கைம்பெண்ணும், ஆயிரக்கணக்கான பவுன் பெறும் சரக்கைப் பண்டசாலையில் அடுக்கியுள்ள வணிகரும் அதே 6 ஷில்லிங்தானே கொடுக்கின்றனர்! உடைமைக்குத் தக வரி விதித்து, கூலிக்கு நல்ல காவலரை வைக்கவேண்டும் என்று அவர் ஜண்டோவிலே படித்தார். அது சட்டமாகப் பல ஆண்டுகள் சென்றன.

1749-இல் இளைஞர் கல்வி குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டு, கலாசாலைக்குப் பொருள் கேட்டார். ஒரேமுறை தருவதாயின் கை தயங்கும், ஐந்தாண்டுத் தவணையாயின் கையொப்பத் தொகை பெருகும் என்பது அவர் துணிபு. அவ்வாறே 5,000 பவுன் வரை சேர்ந்தது. ஜார்ஜ் விட்பீல்டு ஐயரின் பிரசங்கம் கேட்கத் திரண்ட மக்களுக்காக ஊரார் 1740-இல் கட்டிய பெருமண்டபமே கலாசாலைக்கு இடமாயிற்று. எச்சமயத்தவரும் அங்கே பேசலாம் என்பது அம்மண்டபத்தின் விதி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றலே. விட்பீல்டு ஐயர் ஜியார்ஜியாவில் அநாதைச்சாலை கட்டப் பணம் கேட்டபோது, ஒரு காசும் கொடேன் என்ற உறுதியோடு பிராங்க்ளின் சென்றிருந்தாராம். பிரசங்கம் தொடங்கியதும் செப்புக்காசு தர இசைந்தார். சிறிது சென்றதும் வெள்ளி. முடிவிலே பொன்னும் உட்படச் சட்டைப்பையைக் கவிழ்த்துவிட்டார். பிறரைக் கொடுக்கச் செய்வதில் வல்லவரையும் வென்றவர் ஒருவர் இருந்தார் என்று அறிய நமக்கு மகிழ்ச்சியே.

இனி மருத்துவச்சாலை. இதனை முதலில் எண்ணியவர் தாமஸ் பாண்டு என்னும் மருத்துவர். பிராங்க்ளினோ தம்முடையதன்று என்றே கூறிவந்தார். பாண்டு கேட்கச் சென்ற இடமெல்லாம், பிராங்க்ளினைக் கலந்தீரா, அவர் என்ன சொல்கிறார் என்ற வினாவே எதிர்வந்தது. பின்பு அவரை அணுக, அவர் தாமும் கையொப்பமிட்டுப் பத்திரிகையிலும் எழுதினார். ஆயினும் தொகை போதவில்லை. சட்டசபையைக் கேட்கலாம் என்றால், நாட்டுப்புற உறுப்பினர் இது நகரத்தாருக்கு மட்டுமே பயன்படும் என்று மறுத்தனர்; நகரத்தாரே இதனை விரும்புகின்றனரா என்றும் ஐயுற்றனர். மக்களிடமிருந்து 2,000 பவுன் திரளக்கூடும் என்பதை அவர்கள் நம்பவேயில்லை. அந்த நம்பாமையையே பிராங்க்ளின் கருவியாகக் கொண்டார். நன்கொடையாளர் முதலில் 2,000 பவுன் திரட்டுவராயின், அப்பொழுது மட்டும் அரசாங்கம் மற்றுமோர் 2,000 பவுன் இரண்டு தவணையில் தரும் என்று மசோதா எழுதினார். எதிர்த்தவர்களோ, திரளவும் போவதில்லை, செலவின்றி ஈகைப் புகழ் கிடைக்கும் என்றெண்ணி இசைந்தனர். 1751 மே மாதத்தில் சட்டம் நிறைவேறியது. உடனே பிராங்க்ளின் ஊராரிடம் சென்று, நீங்கள் தரும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகும் என்று எடுத்துரைத்தார். தொகை விரைவில் எல்லை கடந்தது. 1752-இல் வாடகை வீட்டில் நோயாளரை ஏற்று, 1755-இல் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினர். தம் அரசியல் சூழ்ச்சிகளுள் இதுபோல் மகிழ்வு தந்தது வேறில்லை என்று அவர் முதுமையிலும் எண்ணினார். அந்த மருத்துவச்சாலை இன்றும் நடைபெறுகிறது.

இதன்பின் கில்பர்ட் டென்னெண்டு என்னும் குருவானவர் தம் ஆலயத்துக்குப் பொருள் திரட்டித் தர வேண்டினார். ஊராரை அடிக்கடி கேட்டுச் சலிப்பூட்ட அஞ்சிப் பிராங்க்ளின் மறுத்தார். ஈகையுடையோர் பெயர்ப் பட்டியலாவது தருக என்றதற்கும் இசைந்திலர். கொடுத்தவரையே மீண்டும் கொடுக்கச் செய்தல் முறையன்று என்றார். ஆனால் ஓர் அறிவுரை தந்தார்: கொடுப்பார் என்று தெரிந்தவரிடம் முதலிற் செல்க, கொடுப்பாரோ மாட்டாரோ என்று ஐயுறத்தக்கவரிடம் அப்பட்டியலைக் காட்டுக, கொடுக்கவே மாட்டார் என்று துணிந்தவரையும் விடாதீர், நும் துணிவு பிழையாகலாம். குருவானவர் நகைத்துக்கொண்டே சென்று, எல்லாரையும் கேட்டு, எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெற்றார். விடுதிகளிலே சந்தாத் தாளோடு அறை அறையாகத் திரியும் நம் நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.

அவர் செயல்களுள் நம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது மிகச் சிறியதொன்றே. பிலடெல்பியாவின் தெருக்கள் நேரியவை, அகன்றவை. ஆயினும் மழையிற் சேறு, வெயிலிற் புழுதி. அங்காடிக்கு வருவோர் சேற்றில் உழல்வதைக் கண்டு, எழுதியும் பேசியும் அங்காடி ஓரத்துத் தெருவிற் கல் பாவச் செய்தார். ஆனால் வண்டிச் சக்கரங்கள் அடுத்த தெருச் சேற்றைக் கொணர்ந்து கல்லின்மேல் அப்பின. வாரம் இருமுறை பெருக்கி, எல்லார் வாயிலிலும் உள்ள அழுக்கை அள்ளிச் செல்ல, வீடொன்றுக்கு மாதம் 6 பென்னி கூலிக்கு இசைந்த ஏழைத் தொழிலாளி ஒருவரைத் தேடிப் பிடித்தார். காலழுக்கு வீட்டினுள் ஏறாது, வாங்குவோர் கடைக்கு எளிதில் வருவர், காற்றடிக்கும்போது சரக்கின்மேல் புழுதி படியாது என்று பயன்களை அச்சிட்டு வீட்டுக்கொன்றாக அனுப்பி, இரண்டொரு நாள் கழித்துத் தாமே வாயில் வாயிலாகச் சென்றார். ஒருவர் தவறாமல் அனைவரும் கையொப்பமிட்டனர். துப்புரவின் இன்பத்தை ஒரு தெருவிற் சுவைத்த நகரம், எல்லாத் தெருவுக்கும் கல் பாவ வரி கொடுக்கவும் இசைந்தது. தெருவிளக்கிலும் அவர் கைவண்ணம் உண்டு. இலண்டனிலிருந்து வந்த உருண்டைக் கூடுகளுட் புகை தங்கி ஒளி மங்கியது. தட்டைக் கண்ணாடி நான்கு பொருத்தி, மேலே புகைபோக்கியும் கீழே காற்றுப் புகும் துளைகளும் வைக்குமாறு சொன்னார். ஒரு கண்ணாடி உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம்.

புகழ்ந்து மட்டும் செல்லுதல் வரலாறு ஆகாது. அந்நகரிலே கையொப்பமிடும் உரிமையற்ற மக்களும் இருந்தனர். பிராங்க்ளின் வீட்டில் நீக்ரோ அடிமைகள் பணி செய்தனர். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. ஊரைத் துப்புரவு செய்தவர் கண்ணுக்கு இக்கறை நெடுங்காலம் புலப்படவில்லை. முதுமையிலே அவர் மனம் மாறினார். 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைத்தனத்தை நீக்குமாறு காங்கிரஸுக்கு விண்ணப்பம் கையொப்பமிட்டனுப்பினார். காங்கிரஸார் அதனை ஏற்றிலர். அவர் வாழ்நாள் முழுதும் திரட்டிய கையொப்பங்களுள் இதுவே மிகவும் காலந்தாழ்ந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 17-இல், 84-ஆம் வயதில், அவர் காலமானார். மரண சாசனத்தில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுன் வைத்திருந்தார். தொழிற்பயிற்சி முடித்து மணம்புரிந்த, 25 வயதுக்குட்பட்ட கைத்தொழிலாளருக்கு, இருவர் பிணையின்மேல், நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதனைக் கடனாகத் தரவேண்டும். நூறாண்டு வளர்ந்தபின் ஒரு பகுதியை ஊர்ப்பணிகளுக்குச் செலவிட்டு, எஞ்சியதை மற்றும் ஒரு நூறாண்டு வளர்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாம் நூறாண்டு 1990-இல் முடிந்தபோது பாஸ்டன் நிதி ஏறத்தாழ 50 இலட்சம் டாலரும், பிலடெல்பியா நிதி ஏறத்தாழ 20 இலட்சம் டாலரும் ஆகியிருந்தன. முதல் நூறாண்டுத் தொகையைக் கொண்டு பாஸ்டனில் தொழிற்கல்விச் சாலை கட்ட முனைந்தபொழுது, செல்வர் ஆண்ட்ரூ கார்நேகி அத்தொகைக்கு ஈடான தொகையைத் தாமும் தருவதாக முன்வந்தார். நிலத்தை நகரத்தார் தரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நகரத்தார் நிலம் தந்தனர். 1908-இல் அக்கல்விச்சாலை திறக்கப்பட்டது.