கணக்கு சரி... ஆரம்பக் காற்று தப்பு! வானிலையைக் கணக்கிட்டுத் தோற்ற ரிச்சர்ட்சன் - யார் இவர்?

காற்றோ, தண்ணீரோ எப்படி ஓடும் என்று சிமுலேஷன் மென்பொருளில் பார்க்க வேண்டுமா? ஆரம்பத்தில் ஒவ்வொரு இடத்திலும் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு, மேல்-கீழ் என மூன்று திசையிலும் வேகம் எவ்வளவு என்பதை முதலில் கொடுக்கணும். அதுல தப்பு வந்தா என்ன ஆகும்? 100 வருஷத்துக்கு முன்பே கையால் கணக்குப் போட்டு அனுபவித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

யார் இந்த ரிச்சர்ட்சன்?

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். போரை ஏற்காத குவேக்கர் குடும்பம். பிரிட்டன் வானிலைத் துறை வேலையை 1916-ல் விட்டுவிட்டு, முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்ஸ் போனார்.

வைக்கோல் மேல் கணக்கு

ஓய்வு நேரத்தில், வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எடுத்துக்கொண்டது 1910 மே 20, காலை 7 மணி நிலவரம். நடந்து முடிந்த நாள் என்பதால் விடையைச் சரிபார்க்கலாம். ஏறக்குறைய 6 வார உழைப்பு. வந்த விடை: 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும். உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை!

எங்கே சறுக்கியது?

சமன்பாடுகளில் தப்பில்லை. ஆரம்பத்தில் கொடுத்த காற்றின் வேகமும் காற்றழுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தண்ணீர் நிறைந்த அண்டாவை டொக்குனு வச்சா தளும்புற மாதிரி, கணக்கிலும் இல்லாத அலைகள் கிளம்பின. ஒரு கணத்துத் தளும்பலை 6 மணி நேரத்துக்கு நீட்டியதால் விடை எங்கேயோ போயிடுச்சு.

மறைக்கவில்லை

ஆரம்பக் காற்று விவரம்தான் கோளாறு என்று ரிச்சர்ட்சனே கண்டுகொண்டார். தோல்வியை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். அதற்கு முன், 1920-ல் வானிலைத் துறை விமானப்படையைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் போனதும், மீண்டும் சேர்ந்திருந்த அந்த வேலையையும் உதறினார்.

1950-ல் அமெரிக்காவின் எனியாக் கம்ப்யூட்டர் முதல் வானிலைக் கணிப்புகளைப் போட்டது. அதைக் கேட்டு மகிழ்ந்த ரிச்சர்ட்சன் 1953-ல் காலமானார்.

பல ஆண்டுகள் கழித்து அயர்லாந்து விஞ்ஞானி பீட்டர் லிஞ்ச், அதே 1910 விவரங்களில் காற்றையும் அழுத்தத்தையும் முதலில் பொருத்திவிட்டு கணக்கை மறுபடி போட்டார். இந்த முறை மாற்றம் 1 மில்லிபார்கூட இல்லை. ரிச்சர்ட்சனின் கணக்கு ஜெயிச்சிடுச்சு.