கொசு கற்பித்த பாடமும் ஹெலிகாப்டரும்

வானில் ஹெலிகாப்டர் சப்தம் கேட்டால் நம்மில் ஜன்னலை எட்டிப் பார்க்காதவர் யார்? ஓடுபாதை இல்லாமல் எழும்பி, அந்தரத்தில் நிற்கும் அந்த விந்தை ஊர்தியை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்களுள் தலையாயவர் இகோர் சிகோர்ஸ்கி. அவர் வாழ்க்கையைச் சற்றுக் காண்போம்.

அன்றைய ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த கீவ் நகரில் 1889 மே 25ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் மனநூல் பேராசிரியர். லியொனார்டோ டாவின்சி கனவு கண்ட பறக்கும் இயந்திரத்தைப் பற்றித் தாயார் சொன்ன கதைகளே மகனுக்கு முதற்பாடம். 12 வயதில், ரப்பர் முறுக்கால் இயங்கும் சிறு ஹெலிகாப்டரைச் செய்து பறக்கவிட்டார்.

1909-இல் தமக்கையார் கொடுத்த பணத்துடன் பாரீஸ் சென்று, 25 குதிரைசக்தி இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பூட்டிய ஹெலிகாப்டர் தரையை விட்டு எழவில்லை. 1910-இல் செய்த இரண்டாவதோ தன் பாரத்தை மட்டுமே தூக்கியது. ஓட்டுநரைத் தூக்க வலுவில்லை. ஆகவே அவர் சாதாரண விமானங்களின் பக்கம் திரும்பினார். ஒருமுறை கொசு ஒன்று எரிபொருள் செல்லும் வழியை அடைத்துவிட, பறக்கும்போதே இயந்திரம் நின்றது. உயிர் தப்பியவர் சும்மா இருக்கவில்லை. 1913-இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட விமானத்தையே பறக்கவிட்டார்.

ருஷ்யப் புரட்சி அவரை அகதியாக்கியது. 1919-இல் நியூயார்க் சேர்ந்தவர், அங்கு குடியேறியிருந்த ருஷ்யர்களுக்குக் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1923-இல் நண்பரின் பண்ணையில் விமானத் தொழிலைத் தொடங்கினார். இசைமேதை ராக்மனினாஃப் 5,000 டாலர் தந்து உதவினார்.

இளமைக் கனவு மட்டும் மறையவில்லை. மேலுள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுழன்றால், கீழுள்ள உடல் எதிர்ப்பக்கம் சுழல முயலும். வாலில் ஒரு சிறு விசிறியை வைத்து அதைத் தடுத்தார் சிகோர்ஸ்கி. 1939 செப்டம்பர் 14 அன்று, தமது 50ஆம் வயதில், கயிற்றால் கட்டப்பட்ட வி.எஸ்.300 ஹெலிகாப்டரில் தாமே அமர்ந்து எழும்பினார். முதல் தோல்விக்கும் அந்த நாளுக்கும் இடையே 30 ஆண்டுகள்!

உலகப்போரின்போது, 1944-இல், அவருடைய ஹெலிகாப்டர் பர்மாக் காட்டில் சிக்கியவர்களை மீட்டது. போர் முடிந்தபின், 1945 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் கரையருகே புயலில் ஒரு எண்ணெய்ப் படகு பாறைத்திட்டில் சிக்கியது. அதிலிருந்த இருவரையும் ஹெலிகாப்டர் கம்பிக்கயிற்றால் தூக்கிக் காப்பாற்றியது. ஓட்டியவர் சிகோர்ஸ்கியின் சகோதரி மகன். 1946-இல் எஸ்-51 ஹெலிகாப்டர் பொதுமக்கள் பணிக்கு வந்தது. 1947 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தபாலும் சுமந்தது.

இறைப்பற்று மிக்க அவர், இயேசுநாதர் கற்பித்த ஜெபத்தைப் பற்றி 1942-இல் ஒரு நூலும் எழுதினார். 1972 அக்டோபர் 26 அன்று மறைந்தார்.

ஹெலிகாப்டர் போருக்கும் பயன்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் வெள்ளத்திலும் புயலிலும் கூரைமேல் நின்று கையசைப்போருக்கு அது இறங்கிவரும் உதவிக்கரம் அல்லவா? தரையை விட்டு எழாத முதல் இயந்திரத்தோடு அவர் மனம் தளர்ந்திருந்தால், அந்தக் கரம் நமக்குக் கிட்ட இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! அடுத்த முறை ஜன்னலோரம் ஓடும்போது இதையும் நினைத்துக்கொள்வோம்.