ஒரு குதிரையால் பிறந்த மின்சார வேலி

ஒரு குதிரைக்கு உடம்பு அரித்தது. அது ஒரு மோட்டார் காரின் மீது உரசிச் சொறிந்துகொண்டது. கார்க்காரர் பார்த்தார். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பிலிருந்து ஒரு பெரிய தொழிலே பிறந்துவிட்டது!

கார்க்காரரின் பெயர் பில் கேலகர். குதிரையின் பெயர் ஜோ. நடந்த இடம் நியூசிலாந்து.

குறும்புக்காரக் குதிரை

கேலகரின் முழுப்பெயர் ஆல்பிரட் வில்லியம் கேலகர். 1911-ம் ஆண்டில் பிறந்தவர். நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஹாமில்டன் என்ற நகரம் இருக்கிறது. சுற்றிலும் பச்சைப் பசேல் என்று புல்வெளிகள். பால் மாடுகளுக்குப் பெயர் போன வட்டாரம். அந்த வட்டாரத்து மனிதர்தான் கேலகர்.

1930-களின் நடுவில் அவருக்கு வயது சுமார் 25. ஜோவின் தொல்லை அப்போதுதான் நடந்தது.

குதிரை என்றால் லேசான பிராணி அல்ல. 400, 500 கிலோ எடை இருக்கும். அது சாய்ந்து உரசினால் கார் என்ன ஆகும்? வேறு ஒருவராக இருந்தால் சாட்டையை எடுத்திருப்பார். கேலகர் மூளைக்கு வேலை கொடுத்தார்.

அந்தக் காலத்துக் கார்களில் ஒரு மின்சுருள் உண்டு. பாட்டரியின் சிறிய மின்சாரத்தை வாங்கி, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியாக மாற்றித் தருவது அதன் வேலை. கேலகர் அப்படிப்பட்ட சுருளைக் காரின் உடம்போடு இணைத்தார். குதிரை உரசிக் கார் ஆடினால், சுருள் வேலை செய்யும்படி அமைத்தார்.

கார் நிற்பது ரப்பர் சக்கரங்களின் மேல். ரப்பர் வழியாக மின்சாரம் பூமிக்கு இறங்காது. குதிரையோ மண்ணில் நிற்கிறது. அது உரசியதும் அதன் உடம்பு வழியாக மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்தது. சுரீர் என்றது! ஜோவுக்குக் காயம் இல்லை. ஆனால் பாடம் மறக்கவில்லை.

வேலியாக மாறியது

காரைக் காத்த வித்தை வயலையும் காக்காதா? ஒரு கம்பியைக் கட்டி, அதில் இதே அதிர்ச்சியை ஓடவிட்டால் கால்நடைகள் தாண்டாது அல்லவா? கேலகர் இந்த வழியில் இறங்கினார்.

உலகத்தில் முதன்முதலாக மின்சார வேலி போட்டவர் அவர்தான் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்திலேயே கால்நடைகளுக்கு மின்சார வேலி போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அதை ஒரு தொழிலாக வளர்த்து, உலகச் சந்தைக்குக் கொண்டுபோன பெருமையில் கேலகருக்குப் பெரிய பங்கு உண்டு. 1938-ம் ஆண்டில் ஹாமில்டனில் அவருடைய தொழில் தொடங்கியது.

தொடக்க கால வேலிகள் பாட்டரியில் ஓடின. சில நூறு மீட்டர் தூரத்துக்கு மேல் அவற்றுக்குச் சக்தி இல்லை. 1962-ம் ஆண்டில் டக் பிலிப்ஸ் என்ற மற்றொரு நியூசிலாந்துக்காரர் புதிய முறையைக் கண்டுபிடித்தார். புல் பட்டாலும் சக்தி முழுவதும் வீணாகாத வேலி அது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு வேலி போட முடிந்தது. செலவும் வெகுவாகக் குறைந்தது.

இன்று குதிரைக்கு எப்படி வேலி போடுகிறார்கள்?

நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுவார்கள் அல்லவா? இன்று ஒரு வயலில், நாளை வேறு வயலில் என்று பட்டியைப் பெயர்த்து நடுவார்கள். குதிரைக்கும் அப்படித்தான். ஒரே இடத்தில் மேய்ந்தால் புல் அழிந்துவிடும். ஆகவே, பிடுங்கி நடக்கூடிய தற்காலிக வேலி வேண்டும்.

காலால் மிதித்தால் மண்ணில் இறங்கும் பிளாஸ்டிக் குச்சிகளை 10, 12 அடிக்கு ஒன்றாக நடுகிறார்கள். மூலைகளில் மட்டும் உறுதியான கம்பங்கள். குச்சிகளில் அகலமான வெள்ளை நாடாவை இரண்டு வரிசையாகக் கட்டுகிறார்கள். நாடாவுக்குள் மெல்லிய உலோக இழைகள் இருக்கும். அவற்றில்தான் மின்சாரம் ஓடும்.

கம்பி இருக்க, நாடா எதற்கு? குதிரை மிரளும் பிராணி. மிரண்டால் கண்மண் தெரியாமல் ஓடும். மெல்லிய கம்பி அதன் கண்ணில் படாது. முள்கம்பியில் சிக்கிக் கால் கிழிந்த குதிரைகள் ஏராளம். வெள்ளை நாடா தூரத்திலேயே தெரியும். முட்டி மோதினாலும் பெரும்பாலும் அறுந்துவிடும், குதிரை பிழைக்கும்.

எனர்ஜைசர் என்ற பெட்டிதான் வேலியின் உயிர். அதிலிருந்து ஒரு கம்பி நாடாவுக்குப் போகிறது. மற்றொன்று, ஈர மண்ணில் ஆழமாக அடித்த இரும்புக் கம்பிக்குப் போகிறது. மண் காய்ந்தால் அதிர்ச்சி குறையும். புல் வளர்ந்து நாடாவைத் தொட்டாலும் குறையும். ஆகவே தினமும் வேலியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். புதிய குதிரையைப் பகல் வெளிச்சத்தில் நடத்திக் காட்டிய பிறகே அவிழ்த்துவிட வேண்டும்.

எச்சரிக்கை!

இந்த வேலியில் பல ஆயிரம் வோல்ட் ஓடுகிறது. அப்படியானால் உயிர் ஏன் போவதில்லை?

அதுதான் எனர்ஜைசரின் சூட்சுமம். அது மின்சாரத்தைத் தொடர்ந்து அனுப்புவதில்லை. ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒரு துடிப்புதான். அந்தத் துடிப்பும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. தொட்ட பிராணி விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது.

வீட்டு மின்சாரம் அப்படி அல்ல. தொடர்ந்து பாயும். தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உயிரைக் குடித்துவிடும். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் மாண்டன. கூட வந்த 2 குட்டிகள் உயிர் தப்பின. இதுபோன்ற கம்பிகளில் மனிதர்களும் மாண்டிருக்கிறார்கள். கம்பியில் மின்சாரம் ஓடினால் மட்டும் அது மின்சார வேலி ஆகிவிடாது. வீட்டு மின்சாரத்தை நேராக இணைத்தால் அது கொலைப்பொறிதான்.

தந்தைக்குப் பின்

கேலகரின் மகன்கள் தொழிலை ஏற்று மேலும் வளர்த்தார்கள். ஹாமில்டனில் செய்த பெட்டிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போயின. தந்தையின் பெயரையே தாங்கிய மகன் வில்லியத்துக்கு 2011-ம் ஆண்டில் 'சர்' பட்டம் கிடைத்தது.

அதைப் பார்க்கத் தந்தை இல்லை. பில் கேலகர் 1990-ம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

தொல்லை கொடுத்த குதிரையை அவர் அடித்து விரட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு ஒரு கார் மட்டும் தப்பியிருக்கும். காயப்படுத்தாமல் தடுக்க ஒரு வழி தேடினார். அந்த வழியில் இன்று எத்தனையோ குதிரைகள் கால் கிழியாமல் மேய்கின்றன.