சீட்டின் மூலையில் ஒரு கையொப்பம்

டாரட் சீட்டுக்கட்டுகள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வெளிவருகின்றன. தமக்கென ஒரு கட்டை வாங்க விரும்புவோர் அதன் தரத்தை எடைபோட முதலில் புரட்டிப் பார்ப்பது எண் சீட்டுகளைத்தான். ஐந்து கிண்ணங்கள் என்ற சீட்டில் வெறும் ஐந்து கிண்ணங்கள் மட்டும் வரையப்பட்டுள்ளனவா, அல்லது ஒரு மனிதரும் அவருக்கு நேர்ந்த ஏதோ ஒன்றும் அதில் தெரிகின்றனவா? இந்த அளவுகோலை நிலைநாட்டியவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். அவர் வரைந்த கட்டு நெடுங்காலமாக அவர் பெயரால் அழைக்கப்படவில்லை.

அமெரிக்கப் பெற்றோருக்கு 1878-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர் பமீலா. சிறுவயதில் மான்செஸ்டரிலும், பின்னர் தந்தையின் பணி நிமித்தமாக ஜமைக்காவிலும் வளர்ந்தார். பதினைந்து வயதில் நியூயார்க்கின் பிராட் கலைக்கல்லூரியில் சேர்ந்தவர், பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1896-இல் தாயையும் 1899-இல் தந்தையையும் இழந்தார். ஜமைக்காவில் கேட்ட அனான்சிக் கதைகளைத் தம் ஓவியங்களுடன் நூலாக்கியதும் அதே 1899-இல்தான்.

லண்டனில் அவருக்கு ஆதரவாக அமைந்தது லைசியம் நாடகக் குழு. நடிகை எலன் டெர்ரி அவரை மகள் போல் நடத்தினார். ஆடை, மேடை அமைப்பு, பின்திரை ஆகியவற்றை அங்கே அருகிலிருந்து கற்றார். 'பச்சைக் கதிர்' என்று பொருள்படும் பெயரில் அவர் 1903-இல் தொடங்கிய சிற்றிதழ் 13 இதழ்களோடு நின்றது. 1907 ஜனவரியில் நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தம் புகைப்படக் கலைக்கூடத்தில் பமீலாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். புகைப்படம் அல்லாத படைப்புகள் அங்கு இடம்பெற்றது அதுவே முதன்முறை.

1901-இல் அவர் 'பொன் விடியல்' என்ற மறைஞானச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். அங்கு அறிமுகமான ஆர்தர் எட்வர்ட் வெயிட், 1909-இல் டாரட் கட்டு ஒன்றை வரையும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகளின் குறியீடுகளில் வெயிட் மிகுந்த கவனம் செலுத்தினார். எஞ்சிய 56-இல் 40 எண் சீட்டுகள். அவற்றை வெயிட் பெரும்பாலும் பமீலாவின் கற்பனைக்கே விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

எண் சீட்டுகளுக்குக் காட்சி வரைவது முற்றிலும் புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா கட்டில் அது இருந்தது. மூன்று வாள்கள் துளைத்த இதயம் அங்கிருந்தே வந்தது. ஆனால் பமீலா செய்தது நகலெடுப்பு அல்ல. கறுப்புப் போர்வைக்குள் தலைகுனிந்து நிற்பவரின் எதிரே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன; அவர் பார்க்காத பின்புறத்தில் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. ஒளிவீசும் தேவாலயச் சன்னலுக்குக் கீழே, பனியில் இருவர் நொண்டி நடக்கின்றனர். விளக்கப் புத்தகத்தைத் திறக்காமலேயே இவை பேசுகின்றன. நாடக மேடையில் கற்ற பாடம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல சீட்டுகளில் மாந்தர்கள் மேடைத் தளத்தில் நிற்பதைப் போலவே நிற்கின்றனர். சீட்டு வருங்காலத்தைச் சொல்லுமா என்பது தனி வழக்கு; அந்த நம்பிக்கை இல்லாதவரும் இந்தப் படங்களின் முன் தம் நிலையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

சில மாதங்களில் வேலை முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டீக்லிட்சுக்கு எழுதிய கடிதத்தில், பெரியதொரு பணியை மிகச் சொற்பக் கூலிக்கு முடித்ததாக அவர் குறிப்பிட்டார். டிசம்பரில் வில்லியம் ரைடர் நிறுவனம் கட்டை வெளியிட்டது. பதிப்பாளர் பெயரும் பணித்தவர் பெயரும் இணைந்து அது 'ரைடர்-வெயிட்' ஆயிற்று. வரைந்தவருக்குக் கிடைத்தது, சீட்டின் ஓரத்தில் அவரே பின்னி வைத்த முதலெழுத்துக் கையொப்பம் மட்டுமே.

1911-இல் அவர் கத்தோலிக்கரானார். முதல் உலகப் போருக்குப் பின் உறவினர் ஒருவரின் சொத்து கைக்கு வர, கார்ன்வால் கடற்கரையில் ஒரு வீட்டைப் பெற்று, குருமார்கள் விடுமுறையில் வந்து தங்கும் இல்லமாக நடத்தினார். ஓவிய வாய்ப்புகள் மெல்லக் குறைந்தன. 1951 செப்டம்பர் 18 அன்று பியூட் நகரில் கடனோடு இறந்தார். உடைமைகள் கடனை அடைக்க விற்கப்பட்டன. கல்லறையில் பெயர்க்கல் இல்லை.

1970-களில் அமெரிக்காவில் மறுபதிப்பாகிப் பெருமளவில் விற்றது அவர் படைத்த கட்டு. அதன் நூற்றாண்டான 2009-இல் அவர் பெயரிலேயே நினைவுப் பதிப்பு வந்தது. இன்று பலர் 'வெயிட்-ஸ்மித்' என்றே எழுதுகின்றனர். இருந்தும், அவருடைய காட்சிகளை வண்ணம் மாற்றியும் ஆடை மாற்றியும் வெளியிடும் கட்டுகள் பல அவர் பெயரைச் சொல்வதில்லை. புதிய கட்டொன்றை மதிப்பிடுவோர் தாளின் கனத்தையும் அச்சின் தெளிவையும் பார்ப்பதோடு, பெட்டியின் மேல் ஓவியர் பெயர் உள்ளதா என்பதையும் பார்க்கலாம்.