பண்டரிப் பாதையில் இராவதி கார்வே

பிள்ளையின் உத்தியோகம் காரணமாக நாங்கள் புணே அருகே சாகணில் குடியிருக்கிறோம். ஞானேசுவரர் சமாதி உள்ள ஆளந்தி எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆனி மாதவாக்கில் அங்கிருந்து பண்டரிபுரத்திற்குப் பல்லக்கு புறப்படும். ஒரு வருஷம் நானும் போய், நடந்து செல்லும் வாரகரி பக்தர்களுக்கு நீர்மோர் கொடுத்துவிட்டு மனநிறைவுடன் திரும்பினேன். பிறகுதான் பேராசிரியை இராவதி கார்வே அவர்களைப் பற்றிப் படித்தேன்.

1905-ல் பர்மாவில் பிறந்தவர். ஐராவதி நதியின் பெயரையே இட்டார்கள். ஏழு வயதில் படிப்பிற்காகப் புணே வந்தார். சித்பாவன பிராமண குலம். விதவைகள் மறுவாழ்விற்குப் பாடுபட்ட மகரிஷி கார்வேயின் மருமகள். 1928-ல் பெர்லின் சென்று மண்டையோடுகளை அளந்து ஆராய்ந்தார். ஐரோப்பியர் மண்டை அமைப்பே உயர்ந்தது என்பது அவருடைய பேராசிரியரின் கொள்கை. அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. சிஷ்யை கண்டதையே எழுதி, டாக்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

1939 முதல் புணே டெக்கான் கல்லூரியில் சமூகவியல், மானிடவியல் போதித்தார். 1953-ல் இந்திய உறவுமுறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. வடக்கே பெண் முன்பின் தெரியாத வீட்டிற்கு வாழ்க்கைப்படுகிறாள். தெற்கே சொந்தத்திலேயே கொடுக்கும் வழக்கமுண்டு என்று விளக்கினார். மாமனாரையும் நாம் மாமா என்றுதானே கூப்பிடுகிறோம்! மகாபாரதப் பாத்திரங்களைப் பற்றிய 'யுகாந்தா' 1968-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1970-ல் காலமானார்.

என்னை உலுக்கியது அவருடைய பண்டரி யாத்திரைக் கட்டுரை. ஒரே கோஷ்டியில் எல்லோரும் அதே அபங்கங்களைப் பாடுகிறார்கள். சாப்பாட்டு வேளையில் பிராமணர் தனி, மராத்தியர் தனி. அம்மையார் மராத்தியப் பெண்களுடன் உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கா என்று ஒட்டிக்கொண்ட அவர்களில் ஒருத்தி, புணேயில் உங்கள் வீட்டிற்கு வந்தாலும் இப்படியே நடத்துவீர்களா என்று கேட்டுவிட்டாளாம். அந்தக் கேள்வி அவர் மனத்தைத் தைத்தது.

எனக்கும் தைத்தது. ஆளந்தியில் மோர் கொடுத்த என் வீட்டில், வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனி டம்ளர் இருந்தது. அன்று அதை மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்தேன். மறுநாள் காப்பி கலந்து, அவளை உட்காரச் சொல்லி, நானும் எதிரே உட்கார்ந்தேன். அவள் தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தாள். அந்தத் தயக்கம் போக நாளாகும் போலிருக்கிறது.