கணிதமேதையும் காலேஜ் சம்பளமும்

எங்கள் கஞ்சிக்கோட்டில் சாயங்காலம் நடக்கப் போனால் ஐ.ஐ.டி. மாணவர்கள் எதிரே வருவார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் ஞாபகம் வரும்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் ஜவுளிக்கடைக் கணக்கர். மாத வருமானம் சுமார் 20 ரூபாய். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தபோது உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதனால் காலேஜ் சம்பளம் (அக்காலத்தில் பீஸை அப்படித்தான் சொல்வோம்) கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணக்கைத் தவிர எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் நின்றது. தாயார் கோமளத்தம்மாள் பிரின்ஸிபாலிடம் நேரில் போய் வாதாடியும் பலனில்லை. டெர்முக்கு 32 ரூபாய் கட்டியாக வேண்டும். 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். மறு வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

நானும் சம்பளச் சலுகையில் பி.எஸ்ஸி. படித்தவன்தான். ஒரு டெர்மில் இங்கிலீஷில் தவறி, சலுகை போய்விடுமோ என்று பத்து நாள் தூங்கவில்லை. மறுபரீட்சை எழுதவிட்டார்கள், பிழைத்தேன். ராமானுஜனுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வைத் திருப்பியது. அதே வருஷம், பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. 1914-இல் இங்கிலாந்து சென்றார். 1918-இல் ராயல் சொஸைட்டி உறுப்பினரானார்.

1919 ஜனவரி. இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் தர முன்வந்தது. பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடும்படி பதிவாளருக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-இல் தம் 32-வது வயதில் காலமானார்.

சம்பளம் கட்ட முடியாத வேதனையை அவர் கடைசிவரை மறக்கவில்லை. படிப்புக்கு உதவும் அன்பர்களுக்கு அடியேனின் விண்ணப்பம் ஒன்றே: பிள்ளையோ பெண்ணோ ஒரு பாடத்தில் தவறினால் உடனே உதவியை நிறுத்தாதீர்கள். கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். இன்னொரு பரீட்சைவரை பொறுங்கள்.